முந்திரி, கடலை, பாதாம்: எண்ணெய் கக்காம, கல்லாகாம, காறாம செய்யறது எப்படி?

அடுக்களை (இழையைத் தொடங்கியவர்):
எல்லாருக்கும் வணக்கம். முந்திரி கத்லிக்கு எங்க பார்த்தாலும் ஒரே அளவுதான் இருக்கு: 1 கப் முந்திரி, அரை கப் சர்க்கரை, கால் கப் தண்ணி. அதே அளவுல போட்டும் பொடிக்கறப்பவே மாவு ஜார் அடியில அப்பிக்குது. பாகுல கிளறி இறக்கிப் பிசையப் பிசைய உருண்டை பளபளன்னு ஆகி கையெல்லாம் எண்ணெய். ஆறினதும் ஓரம் உதிருது. எங்க தப்பு? தீபாவளிக்குக் கத்லியோட முந்திரி பக்கோடாவும் போடணும். அதுல மாவு தனியா, பருப்பு தனியா கழண்டு எண்ணெயில மிதக்குது. ரெண்டுக்கும் வழி தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

பாகுபதம்:
அக்கா, அளவு சரிதான், சூடுதான் தப்பு. 100 கிராம் முந்திரியில 44 கிராம் பக்கம் எண்ணெய் இருக்கு. பருப்பு முழுசா இருக்கற வரைக்கும் அது உள்ள அடங்கிக் கிடக்கும். மிக்ஸி பிளேடு பருப்பை உடைக்குது, கூடவே ஜாரைச் சூடாக்குது. சூட்டுல எண்ணெய் இளகி வெளிய வந்தா மாவு பொடியா இருக்காது, விழுதாயிடும். அடியில அப்பறதுன்னா எண்ணெய் கக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம் பாகு எவ்வளவு சரியா வெச்சாலும் பிசையறப்ப மிச்ச எண்ணெயும் வந்துடும். எண்ணெய் போன மாவு காய்ஞ்சு நிக்கும், அதான் ஓரம் உதிருது. நீங்க சொன்ன ரெண்டு குறையும் ஒரே காரணத்துல வர்றதுதான்.

250 கிராம் பருப்புக்கு இப்படிப் பண்ணுங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்ச பருப்பா இருந்தா டப்பாவைத் திறக்காம வெளிய எடுத்து வெச்சு, அறைச் சூட்டுக்கு வந்ததும் திறங்க. குளிரோட திறந்தா பருப்பு வியர்க்கும், அந்த ஈரத்துல மாவு கட்டி தட்டும். மூணு தவணையாப் பிரிச்சு சின்ன ஜார்ல போடுங்க. மிக்ஸி திருகை எதிர்ப்பக்கம் திருப்பி 3 விநாடி ஓட்டி விட்டுடுங்க. ஜாரை ஒரு தட்டு தட்டி, மறுபடி 3 விநாடி. ஒரு தவணைக்கு 5 இல்ல 6 தடவை போதும். ஜாரோட அடியைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பாத் தெரிஞ்சா 5 நிமிஷம் ஆறவிடணும். சலிச்சு, மேல நிக்கற கப்பியை அடுத்த தவணையோட சேர்த்துக்கங்க. கடைசியில ஒரு ஸ்பூன் கப்பி மிஞ்சும். அதைப் பொடியாக்கியே தீரணும்னு திரும்பத் திரும்ப ஓட்டறதுலதான் முக்காவாசி பேருக்கு எண்ணெய் கக்குது. அதை எடுத்துக் குருமாவுக்கு வெச்சுடுங்க.

சர்க்கரை 140 கிராம், தண்ணி 70 மி.லி. கப் அளவை விட்டுட்டு எடை போடுங்க. பொடிச்ச முந்திரியும் முழு முந்திரியும் கப்புல ஒண்ணா நிக்காது, சும்மா கொட்டின பொடிக்கும் அமுக்கின பொடிக்குமே கால் பங்கு வித்தியாசம் வரும்.

பாகு ஒரு கம்பிப் பதம். கரண்டியில இருந்து ஒரு சொட்டைத் தட்டு ஓரத்துல விட்டு நாலு எண்ணிட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல ஒத்தி எடுத்துப் பிரிங்க. பிரிக்கறப்ப ஒரே ஒரு இழை எழும்பி, அரை அங்குலம் போய் அறுந்தா சரி. எழும்பவே இல்லைன்னா பத்தல. அறுகாம நீளமா இழுத்துட்டு வந்தா தாண்டியாச்சு, 2 ஸ்பூன் தண்ணி விட்டு மறுபடி கொதிக்க வைங்க. வெப்பமானி இருந்தா 105 டிகிரி பக்கம்.

தீயைக் குறைச்சுப் பொடியைக் கொட்டி 3 முதல் 5 நிமிஷம் கிளறினாப் போதும். கடாய் ஓரத்தை விட்டு ஒண்ணா சேர்ந்து வரும், ஆனா இன்னும் தளர்வாத்தான் இருக்கும். கொஞ்சம் கிள்ளி உருட்டிப் பாருங்க, விரல்ல ஒட்டாம உருண்டா இறக்கிடணும். கடாயிலேயே கெட்டியாகட்டும்னு நின்னீங்கன்னா ஆறினப்புறம் கல்லு. கை பொறுக்கற சூட்டுல ஒரு நிமிஷம் சேர்த்துப் பிசைஞ்சா போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைஞ்சா, மிக்ஸி செஞ்ச வேலையையே கையும் செய்யும்.

மிட்டாய்த்தட்டு:
பாகுபதம் சொன்னது வீட்டு முறை, சரியானதுதான். ஆனா இனிப்புக்கடைப் பட்டறையில பெரும்பாலும் பருப்பைப் பொடிக்கறதே இல்லைங்க. 250 கிராம் பருப்பை 1 மணி நேரம் பச்சைத் தண்ணியில ஊறவெச்சு, நல்லா வடிச்சு, 2 ஸ்பூன் தண்ணியோட வெண்ணெய் மாதிரி அரைச்சு, 160 கிராம் சர்க்கரையும் சேர்த்து அடிகனமான கடாயில ஒண்ணா போட்டுக் கிளறுவாங்க. தண்ணி இருக்கறதால எண்ணெய் பிரியாம விழுதோடயே கலந்து நிக்கும், பாகு பதமும் பார்க்க வேண்டாம். 15, 20 நிமிஷத்துல தண்ணி வத்தித் திரண்டு வரும். கத்லி வழவழன்னு, வெள்ளையா வரும். ஒரே கஷ்டம், கையை எடுக்கவே கூடாது. அடி லேசாப் பிடிச்சாலும் மஞ்சள் புள்ளி முழுக்கப் பரவிடும்.

பாகுபதம்:
ஒத்துக்கறேன் அண்ணே. ஆனா புதுசாப் பண்றவங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தண்ணி எவ்வளவு வத்தணும்னு கண்ணுக்குப் பழகியிருக்கணும். கொஞ்சம் முன்னாடி இறக்கினாலும் ரெண்டே நாள்ல புளிப்பு வாடை அடிக்கும். பொடி முறையில பண்ணினது காத்துப் புகாத டப்பாவுல வெளியவே ஒரு வாரம் நிக்கும்.

மிட்டாய்த்தட்டு:
அது உண்மை. ஊறவெச்ச முறையில பண்ணினதை 3 நாளுக்கு மேல வெளிய வைக்காதீங்க.

கடலூர்க் கரை:
பருப்பு வாங்கறதைப் பத்தி யாரும் பேசலையே, அங்கதான் பாதி வேலை. டப்பாவுல டபிள்யூ 180, 240, 320ன்னு போட்டிருக்கும். அது ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு நிக்கும்ங்கற கணக்கு. எண் குறைஞ்சா பருப்பு பெருசு, விலை கூட. ருசிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்ல. பொடிக்கறதுக்கு 180 வாங்கறது வீண் செலவு. கத்லிக்கு வெள்ளை உடைசல் வாங்குங்க, பெரிய துண்டா இருந்தா போதும். வறுபட்டு லேசா மஞ்சளா இருக்கற ரகம் இன்னும் விலை குறைவு, குருமாவுக்கும் பக்கோடாவுக்கும் குறையே இல்ல, கத்லி மட்டும் பழுப்படிக்கும். பாதியாப் பொளந்த பருப்பு பக்கோடாவுக்கும் தாளிப்புக்கும். முழுசு, பார்வைக்கு வெச்சுப் பரிமாற இடத்துக்கு மட்டும்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணை வாயில போட்டு நல்லா மென்னு முழுங்கி, பத்து எண்ணுங்க. காறல் நாக்குல உடனே தெரியாது, தொண்டையில பின்னாடிதான் தெரியும். பழைய தேங்காய் தின்ன மாதிரி ஒரு கரகரப்பு வந்தா அந்தப் பருப்பை விட்டுடணும். நெய்யில வறுத்தாலும் ஏலக்காய் போட்டாலும் அது போகாது. 100 கிராம் கெட்ட பருப்பு ஒரு கிலோ இனிப்பைக் கெடுத்துடும்.

வெச்சுக்கறது எப்படின்னா காத்து, வெளிச்சம், சூடு மூணும் எதிரி. கண்ணாடி பாட்டில்ல போட்டு அடுப்புக்கு மேல அலமாரியில வைக்கறதை விட மோசமான இடம் கிடையாது. காத்துப் புகாத டப்பா, ஃப்ரிட்ஜ், 6 மாசம். உடைசலும் பொடியும் முழுப் பருப்பை விடச் சீக்கிரம் காறும், அதனால தேவைப்படறப்ப பொடிங்க.

இன்னொண்ணு. பண்ருட்டிப் பக்கம் பங்குனி, சித்திரையில தோட்டத்துக் கொட்டை சாக்குல கிடைக்கும், ஓட்டோட. அதை வீட்டுல வறுத்து உடைக்கலாம்னு வாங்கிடாதீங்க. ஓட்டுக்குள்ள இருக்கற கருப்பு எண்ணெய் தோலைப் பொத்துடும், புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பழக்கப்பட்டவங்க செய்யற வேலை அது.

நெல்லைச்சீமை:
நம்ம ஊர்ப்பக்கம் பெரியவங்க இதைக் கொல்லாங்கொட்டைம்பாங்க, கன்னியாகுமரிப் பக்கம் அண்டிப்பருப்பு. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டுல பிரேசில்ல இருந்து கொண்டு வந்த மரம். முந்திரிங்கற பேரு மலையாளத்துல இன்னைக்கும் திராட்சைக்குத்தான். நம்ம பழைய பேச்சுலயும் திராட்சை கொடிமுந்திரிதான். நாகர்கோவில் முந்திரிக்கொத்துல முந்திரியே இல்லையேன்னு கேக்கறவங்களுக்காகச் சொல்றேன்: அது பாசிப்பயறும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்த உருண்டை, திராட்சைக் கொத்து மாதிரி மூணு மூணா ஒட்டிப் பொரிக்கறதால அந்தப் பேரு.

இப்ப பக்கோடாவுக்கு வர்றேன். மாவு கழறதுக்கு ரெண்டு காரணம். பருப்போட மேல் பக்கம் வழவழன்னு எண்ணெய்ப் பசையோட இருக்கும், காய்ஞ்ச பருப்புல மாவு பிடிக்க இடமே இல்ல. ரெண்டாவது, எண்ணெயில போட்ட உடனே கரண்டியை விட்டுக் கிண்டறது.

250 கிராம் பாதிப் பருப்பை வெதுவெதுப்பான தண்ணியில 2 நிமிஷம் போட்டு வடிச்சுடுங்க. அதுக்கு மேல ஊறக்கூடாது, ஊறினா உள்ள மொறுமொறுப்பே வராது. ஈரத்தோட இருக்கறப்பவே 1 மேசைக்கரண்டி அரிசி மாவைத் தூவிப் பிரட்டுங்க. அது அடிப்பூச்சு. 5 நிமிஷம் கழிச்சு 100 கிராம் கடலை மாவு, 40 கிராம் அரிசி மாவு, ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, தோலோட தட்டின 6 பல் பூண்டு, ரெண்டு கொத்து கறிவேப்பிலை, காய்ச்சின எண்ணெய் 1 மேசைக்கரண்டி. இதையெல்லாம் போட்டுட்டு, தண்ணியை ஊத்தாம கையால தெளிச்சுத் தெளிச்சுப் பிரட்டணும். மொத்தம் 3 இல்ல 4 மேசைக்கரண்டி தண்ணிதான் போகும். மாவு ஒழுகற பதத்துல இருந்தா அது பஜ்ஜி. ஒவ்வொரு பருப்பும் மணல் ஒட்டின மாதிரி சொரசொரன்னு தெரியணும். 10 நிமிஷம் அப்படியே வைங்க.

எண்ணெய் 160 டிகிரி. கிள்ளிப் போட்ட மாவு அடியில போய் ரெண்டு எண்றதுக்குள்ள மேல வரணும். உடனே மேல வந்தா சூடு கூட, மாவு சிவந்துடும், பருப்பு பச்சையா நிக்கும். கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்துப் போட்டு ஒரு நிமிஷம் கரண்டியே படக்கூடாது. சலசலப்பு அடங்கி வர்றப்ப, உங்களுக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாடியே அரிச்சுடுங்க. எண்ணெயை விட்டு வெளிய வந்த பிறகும் பருப்பு உள்ளுக்குள்ள சிவந்துக்கிட்டேதான் இருக்கும். சரியான நிறத்துல எடுத்தது தட்டுல கருகும். ஆப்ப சோடா வேண்டவே வேண்டாம், பக்கோடா எண்ணெயைக் குடிச்சுக்கும்.

அடுக்களை:
ரொம்ப நன்றி. மாவு ஒழுகற பதத்துலதான் கரைச்சுட்டு இருந்தேன், அதான் கழண்டிருக்கு. சும்மா வறுத்த உப்பு கார முந்திரிக்கும் இதே சூடுதானா? பொடி ஒட்டவே மாட்டேங்குது.

நெல்லைச்சீமை:
அதுக்கு இன்னும் குறைச்சு, 140, 150. மேல மாவு இல்லாததால நிறம் சீக்கிரம் ஏறும். லேசா வெளுத்த பொன்னிறம் வந்ததும் அரிச்சு, அகலமான தட்டுல பரப்பணும். குவிச்சு வெச்சா நடுவுல உள்ளது கருகிடும். உப்பு, மிளகு, மிளகாய்த்தூளை மிக்ஸியில மாவா அரைச்சுக்கங்க. கல்லு கல்லா இருக்கற உப்பு பருப்புல நிக்காது, டப்பா அடிக்குப் போயிடும். பருப்பு கொதிக்கற சூட்டுல இருக்கறப்ப போட்டா மிளகாய்த்தூள் கருகும், ஆறிப் போனா ஒட்டாது. கையில எடுத்தா சுடுது ஆனா பிடிக்க முடியுதுங்கற நேரம்தான் சரி.

கரிசல்:
வேர்க்கடலையை யாரும் தொடலையே. விலை குறைவுன்னு ஒதுக்கிடாதீங்க, வறுக்கறதுல இதுக்குத்தான் கைப்பக்குவம் அதிகம் வேணும்.

வறுக்கறது முதல்ல. வெறும் கடாயில வறுத்தா கடலை கடாயைத் தொடற ஒரு புள்ளியில கருகும், மத்த இடம் பச்சையா இருக்கும். அதுக்குத்தான் கடலை வறுக்கறவங்க மணல்ல போடறாங்க, எல்லாப் பக்கமும் ஒரே சூடு. வீட்டுல கல்லுப்பு போதும். இரும்புக் கடாயில அரை கிலோ கல்லுப்பை 5 நிமிஷம் சூடாக்கி, 250 கிராம் கடலையைப் போட்டு, மிதமான தீக்கும் கீழ 8 முதல் 10 நிமிஷம் புரட்டுங்க. ஒண்ணை எடுத்துக் கசக்கினா தோல் கழண்டு, பிளந்தா உள்ள சந்தன நிறத்துல இருக்கணும். சூட்டுல கடிச்சுப் பார்த்து இன்னும் மொறுமொறுப்பு வரலையேன்னு தீயை நீட்டிக்காதீங்க. சூடா இருக்கற கடலை எப்பவும் மெத்துன்னுதான் இருக்கும், ஆறினாத்தான் மொறுமொறுப்பு. இது தெரியாமத்தான் பாதிப் பேரு கருக விடறாங்க. உப்பைச் சலிச்சு எடுத்து வெச்சுக்கிட்டா பல தடவை வறுக்கலாம்.

கடலைமிட்டாய். கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது. கரிசல் மண்ணுல விளைஞ்ச கடலை, நல்ல வெல்லம், வேற ரகசியம் பெருசா இல்ல, பாகு பதம்தான் எல்லாம். தோல் நீக்கி ரெண்டாப் பொளந்த வறுகடலை 500 கிராம், வெல்லம் 325 கிராம், தண்ணி 60 மி.லி. வெல்லத்தைக் கரைச்சு மண்ணு போக வடிகட்டிட்டு அடுப்புல ஏத்துங்க. கடையில பாகு வெல்லம்னே கேட்டு வாங்குங்க. வெளுக்க ரசாயனம் போட்ட வெல்லம் நுரைச்சுக்கிட்டே இருக்கும், பதத்துக்கு வரவே வராது.

பதம் பார்க்கறதைக் கவனமாச் சொல்றேன். கிண்ணத்துல குளிர்ந்த தண்ணி வெச்சு ரெண்டு சொட்டு விடுங்க. முதல்ல கரைஞ்சு போகும். அப்புறம் உருட்டினா மெத்துன்னு உருளும், இது அதிரசத்துக்கான பதம். இன்னும் கொஞ்சம் போனா உருண்டை கெட்டியா இருக்கும், ஆனா வளையும். இங்க இறக்கினீங்கன்னா மிட்டாய் பல்லுல ஒட்டும். அதையும் தாண்டி, தண்ணியில இருந்து எடுத்துத் தட்டுல போட்டா எவர்சில்வர்ல காசு விழுந்த மாதிரி சத்தம் கேக்கும். ஒடிச்சா வளையாம டக்குன்னு உடையும். அதுதான். அந்த நேரத்துக்கும் கருகற நேரத்துக்கும் அரை நிமிஷம்தான் இடைவெளி, அதனால கெட்டி உருண்டை வந்ததும் தீயைக் குறைச்சுடணும்.

கடலை வெதுவெதுப்பா இருக்கணும். ஆறிப்போன கடலையைக் கொட்டினா பாகு பட்ட இடத்துலயே இறுகிடும், கலக்கவே முடியாது, மிட்டாய் ஒரு பக்கம் வெறும் பாகு, ஒரு பக்கம் வெறும் கடலைன்னு நிக்கும். நெய் தடவின பலகையில கொட்டி, நெய் தடவின உருட்டுக்கட்டையால தேய்ச்சு, 2 நிமிஷத்துக்குள்ள கோடு போட்டுடுங்க. மழை நாள்ல பண்ணினா ஆறினதுமே டப்பாவுல போடணும், வெளிய அரை மணி நேரம் வெச்சாலே பிசுபிசுத்துடும்.

கடைசியா, இதைத் தயவுசெஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க. சுருங்கினது, கருத்தது, பூஞ்சை படிஞ்சது, கசக்கற கடலை எல்லாத்தையும் பொறுக்கிக் குப்பையில போட்டுடுங்க. அந்தப் பூஞ்சையில அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சு உண்டாகும், அது கல்லீரலுக்குக் கேடு. வறுத்தாலோ வேக வெச்சாலோ அது முழுசாப் போகாது. நாலு கடலை வீணாகுதேன்னு பார்க்க வேண்டாம்.

உப்பளம்:
கத்லி எண்ணெய் கக்குதுன்னு ஆரம்பிச்ச இழையில தூத்துக்குடி மக்ரூனைச் சொல்லாம இருக்க முடியல. எண்ணெய் துளி வெளிய வந்தாலும் மொத்தமும் போயிடற பலகாரம் அதுதான். முட்டை வெள்ளைக்கரு நுரைக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. அரைச்ச முந்திரி பசையா இருந்தா, கலந்த உடனே நுரை அமுங்கி ஒழுகிடும்.

வெள்ளைக்கரு 100 கிராம் (3 முட்டை), சர்க்கரை 170, முந்திரி 170. சர்க்கரையை மாவாப் பொடிச்சு, அதுல 2 மேசைக்கரண்டியை முந்திரி கூடவே மிக்ஸியில போட்டு ஓட்டுங்க. சர்க்கரை எண்ணெயை வாங்கிக்கும். பொடி ரவை பதத்துல கொஞ்சம் கரகரன்னே இருக்கட்டும், கத்லி அளவுக்கு நைசா வேண்டாம்.

பாத்திரம், அடிக்கிற கம்பி ரெண்டையும் சுடுதண்ணியில கழுவித் துடைச்சு, எலுமிச்சை மூடியால ஒரு தடவை தேய்ச்சுடுங்க. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை எழும்பாது, ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்துல பிரிச்சுச் சேருங்க. முதல்ல வெறும் வெள்ளைக்கரு, சோப்பு நுரை மாதிரி வந்ததும் மிச்ச சர்க்கரையை ஐந்து தவணையாப் போட்டு அடிக்கணும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாம நிக்கணும். முந்திரிப் பொடியைத் தூவி, அகப்பையால அடியில இருந்து மேல மடிச்சு மடிச்சு 15, 20 தடவைக்குள்ள கலந்துடுங்க. சுத்திச் சுத்திக் கிண்டினா நுரை செத்துடும். காத்திருக்காம காகிதக் கூம்புல நிரப்பி, கூர் மேல நிக்கற மாதிரி தட்டுல பிழியுங்க.

பேக்கரியில விறகடுப்புத் தணலெல்லாம் அடங்கின பிறகு, மிச்சச் சூட்டுல ராத்திரி முழுக்க வைப்பாங்க. மக்ரூன் வேகறதை விடக் காயறதுதான் முக்கியம். வீட்டு அவன்ல 110 டிகிரி, 1 மணி நேரம், அப்புறம் அணைச்சுட்டுக் கதவைத் திறக்காம 4 மணி நேரம். விரிசல் விட்டா சூடு அதிகம். மேல சிவந்தாலும் அதேதான். நடுவுல பபிள்கம் மாதிரி இழுத்தா காயல, 100 டிகிரியில இன்னும் அரை மணி நேரம். தட்டையாப் படர்ந்து போனா, கலக்கறதுல நுரை போயிடுச்சு, அதைத் திருத்த முடியாது.

பனங்கூடல்:
இலங்கைப் பக்கம் கஜுவை, அதுதான் முந்திரிப்பருப்பை, கறியாக் காய்ச்சுவம், ஒருக்கால் செய்து பாருங்கோ. கொறிக்கிற பருப்பு மரக்கறி மாதிரி மெத்தெண்டு மாறிவிடும். 250 கிராம் வறுக்காத கஜுவை இரவு முழுக்கத் தண்ணியில ஊறப்போடுங்கோ, கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போடலாம். காலமை அந்தத் தண்ணியை ஊற்றிப்போட்டு, புதுத்தண்ணியில 15 நிமிசம் அவியுங்கோ. விரலால நசிச்சா நசிய வேணும், ஆனா பிளந்து கரையக்கூடாது. சோடா கூடினால் கரைஞ்சு கூழாகும், சவர்க்கார வாசமும் வரும்.

சட்டியில வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை (வாசனைக்குப் போடுற இலை), கறுவா (பட்டை) வதக்கி, மஞ்சள், வறுக்காத கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி. தேங்காயின்ர இரண்டாம் பால் ஒன்றரைக் கோப்பை விட்டு, அவிச்ச கஜுவைப் போட்டு 10 நிமிசம் கொதிக்க விடுங்கோ. உப்பு இப்பதான். கடைசியா முதற்பால் அரைக் கோப்பை விட்டு, ஓரத்தில கொதி எழும்பேக்க இறக்குங்கோ. முதற்பால் துள்ளிக் கொதிச்சால் திரைஞ்சு எண்ணெய் பிரிஞ்சுபோகும். விருப்பமெண்டால் பச்சைப் பட்டாணியும் ஒரு பிடி சேர்க்கலாம். புளி வேண்டாம், தேசிக்காய் (எலுமிச்சை) கூட நான் விடமாட்டன், அது கஜுவின்ர இனிப்பைக் கொண்டுபோயிடும்.

சிராங்கூன்:
அருமை. இதையொட்டி ஒரு கேள்வி. கசகசா இங்க சிங்கப்பூர்ல தடை, ஊர்ல இருந்தும் கொண்டு வர முடியாது. குருமாவுக்கு அதுக்குப் பதிலா முந்திரி விழுது போட்டா முதல்ல நீர்க்க இருக்கு, பத்து நிமிஷத்துல களி மாதிரி ஆகி அடி பிடிக்குது. எப்ப, எவ்வளவு போடணும்?

பாகுபதம்:
முந்திரியில எண்ணெய் மட்டும் இல்ல தம்பி, எடையில ஐந்துல ஒரு பங்கு பக்கம் மாவுச்சத்தும் இருக்கு. கொதி வர வர அரிசி மாவு கரைச்சு விட்ட மாதிரி இறுகும். கசகசாவுல அந்த அளவுக்கு மாவு கிடையாது, அதனால அதே அளவு விழுதைப் போட்டா இப்படித்தான் ஆகும். நாலு பேருக்கு 20 கிராம் போதும், 12 பருப்புக்கு மேல வேண்டாம். கொதிக்கற தண்ணியில 20 நிமிஷம் ஊறவெச்சு, அந்தத் தண்ணியோடயே நல்லா மசிய அரைங்க. நறநறன்னு இருந்தா குருமாவும் நறநறன்னு இருக்கும்.

காய் வெந்து, மசாலா பச்சை வாசம் போன பிறகு, உங்களுக்கு வேண்டிய பதத்தை விட நீர்க்க இருக்கறப்ப விழுதை விட்டு, சின்னத் தீயில 5 நிமிஷம், அடியைச் சுரண்டிக்கிட்டே. இறக்கினப்புறமும் இறுகும், பரிமாறறதுக்கு முன்னாடி சுடுதண்ணி விட்டுத் தளர்த்துங்க. பச்சைத் தண்ணி விட்டா ருசி பிரிஞ்சு நிக்கும். தயிர் சேர்க்கற குருமான்னா முந்திரி விழுதையும் தயிரையும் முதல்லயே ஒண்ணா அடிச்சுக் கலந்து விடுங்க, தயிர் அவ்வளவு சுலபமாத் திரியாது. விருந்தாளிக்குப் பரிமாறினா முந்திரி போட்டிருக்குன்னு சொல்லிடறது நல்லது. பருப்பு ஒவ்வாமை இருக்கறவங்களுக்கு விழுதுல கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்ல.

மிட்டாய்த்தட்டு:
எண்ணெய் பிரியறதைப் பத்தியே இவ்வளவு பேசியாச்சு, பாதாம் அல்வாவையும் சொல்லிடறேன். கத்லியில குறையா இருக்கறது அங்க பதத்துக்கு அடையாளம். 250 கிராம் பாதாமைக் கொதிக்கற தண்ணியில 10 நிமிஷம் போட்டுத் தோலைப் பிதுக்கி, 150 மி.லி. பால்ல நைஸ் ரவை பதத்துக்கு அரைங்க. மசிய அரைச்சா அல்வா பசை மாதிரி வாயில ஒட்டும். நெய் 150 கிராம், சர்க்கரை 250. முதல்ல 2 ஸ்பூன் நெய்யில விழுதைப் பச்சை வாசம் போக 6, 7 நிமிஷம் கிளறிட்டுத்தான் சர்க்கரை. சர்க்கரை போட்டதும் இளகி ஓடும், பயப்படாதீங்க. அப்புறம் ஒரு ஸ்பூன் நெய், அது உள்ள போன பிறகு அடுத்த ஸ்பூன். 20, 25 நிமிஷத்துல ஒரு கட்டத்துல விட்ட நெய்யை வாங்கிக்காம ஓரத்துல கக்க ஆரம்பிக்கும், கரண்டியில ஒட்டாம வழுக்கும். அங்க நிறுத்திடணும். மிச்ச நெய் இருந்தாலும் விட வேண்டாம்.

அடுக்களை:
எடை போட்டு, 3 விநாடிக் கணக்குல பொடிச்சு, ஒரு நிமிஷம் மட்டும் பிசைஞ்சதுல கத்லி எண்ணெய் கக்கவே இல்லை. வாயில வெச்சா கரையுது. இன்னும் ஒரே ஒரு குறை, வெட்டறப்ப கத்தி இழுத்துக்கிட்டு வந்து ஓரம் கந்தலாகுது.

பாகுபதம்:
சூட்டோட வெட்டறீங்க அக்கா. ரெண்டு நெய்த்தாளுக்கு நடுவுல வெச்சு 4 மி.மீ. கனத்துக்குத் தேய்ச்சதும், மேல் தாளை எடுத்துட்டு 15 நிமிஷம் விடுங்க. புறங்கையை வெச்சா லேசா வெதுவெதுப்பு தெரியணும். பல்லில்லாத நீளக் கத்தியை நெய்த்துணியால துடைச்சு, இழுக்காம மேல இருந்து நேரா அழுத்துங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை துடைக்கணும். முதல்ல நீளவாட்டுக் கோடு எல்லாம், அப்புறம் சாய்வுக் கோடு. முழுசா ஆறின பிறகு பிரிச்செடுங்க. ஓரத்துத் துண்டையெல்லாம் சேர்த்து மறுபடி பிசைஞ்சு தேய்க்கலாம், ஆனா ஒரே தடவைதான். ரெண்டாவது தடவை பிசைஞ்சா எண்ணெய் கக்கிடும்.